தையல்காரி மறைத்த கட்டி

குளிக்கும்போது இடது மார்பில் பட்டாணி அளவுக்கு ஒரு கட்டி கையில் தட்டுப்பட்ட நாளிலிருந்து தையல்காரிக்குத் தூக்கம் போயிற்று. யாரிடமும் அவள் வாய் திறக்கவில்லை. வேன் ஓட்டும் கணவன், "ஏன் ஒரு மாதிரி இருக்கே?" என்று கேட்டால், "கண்ணு சரியா தெரியல, ஊசி கோக்க முடியல" என்று ஏதோ சாக்குச் சொல்லிச் சமாளித்தாள். வெளியே சொல்லாமல் இருந்தால் அது தானாகக் கரைந்துவிடும் என்று ஒரு நப்பாசை.

அந்தச் சமயத்தில்தான் நர்சிங் மாணவிகள் ஊருக்கு வந்தார்கள். பள்ளிக்கூடத்தில் பெண்களை உட்காரவைத்து, பஞ்சு அடைத்த துணிப் பொம்மையில் மார்பை எப்படித் தடவிப் பார்ப்பது என்று காட்டினார்கள். பெண்கள் ஒருத்தியை ஒருத்தி கிள்ளிச் சிரித்தார்கள். பொம்மைக்குள் கட்டி மாதிரி ஒரு பாசிமணி வைத்திருந்தார்கள். பொம்மை கைமாறித் தன் பக்கம் நெருங்கியதும், தையல்காரி அடுப்பில் பால் இருக்கிறது என்று புளுகிவிட்டு நழுவினாள்.

மறுநாள் வீடு வீடாக வந்த மாணவிகளில் ஒருத்தி, ஒல்லிக்குச்சி, தையல்காரியின் கடைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"நேத்து பாதியிலயே போயிட்டீங்களேக்கா. பால் பொங்கிடுச்சா?"

தையல்காரி சிரிக்கத்தான் நினைத்தாள். அழுகை வந்துவிட்டது. கதவைச் சாத்தி, மாணவியின் கையைப் பிடித்து, மார்பில் கட்டி இருந்த இடத்தில் வைத்தாள். தொட்ட விரல்கள் அப்படியே நின்றன. அந்தப் பெண்ணின் முகம் வெளுத்தது.

"என்னம்மா, அதானா?"

"தெரியலக்கா. அதச் சொல்ற அளவுக்கு நான் இன்னும் படிக்கல. எங்க மேடத்தக் கூட்டிட்டு வர்றேன். எங்கயும் போயிடாதீங்க."

"செத்துடுவேனா?"

"முக்காவாசி கட்டி ஒண்ணும் பண்ணாதுக்கா. ஆனா பாக்காம விடக்கூடாது." சொல்லும்போதே அவள் குரல் நடுங்கியது. தன்னைப் போலவே அவளும் பயந்திருக்கிறாள் என்பதால், அவள் பொய் சொல்லவில்லை என்று தையல்காரிக்குத் தோன்றியது.

ஆசிரியை வந்து பார்த்துவிட்டு, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். சாயங்காலம் தையல்காரி கணவனிடம் விஷயத்தைச் சொன்னாள். அவன் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். "இத்தன நாள் தனியா பயந்துட்டு இருந்தியா?" என்றான். மறுநாள் காலையில் அவனே வேனில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான்.

புற்றுநோய்தான். ஆனால் பரவவில்லை. அறுவை சிகிச்சை, மருந்து, முடி கொட்டியது எல்லாம் ஒருவழியாகக் கடந்தது. இப்போதும் பரிசோதனைக்குப் போகிற நாளில் விடியுமுன்பே எழுந்து உட்கார்ந்துவிடுகிறாள். ஆனாலும் அளவு கொடுக்க வரும் பெண்களிடம், "நீ தடவிப் பாத்தியா?" என்று கேட்காமல் அவள் விடுவதில்லை. சிலர் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும்.