ஈரத்துண்டு சுற்றிய டப்பா

சேலத்திலிருந்து தருமபுரிக்கு வரும் பேருந்தில் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஆறடி உயரம், முறுக்கிய மீசை. மடியில் ஈரத்துண்டு சுற்றிய பிளாஸ்டிக் டப்பா. துண்டு காயும்போதெல்லாம் பாட்டில் தண்ணீரை ஊற்றி நனைத்துக்கொண்டே இருந்தார்.

"உள்ள என்னங்க?" என்றேன்.

மூடியைத் திறந்து காட்டினார். தண்ணீருக்குள் வெளிர் ரோஜா நிறத்தில், பல்லி போல ஒரு பிராணி. கழுத்தோரம் இறகு மாதிரி செவுள்கள்.

"ஆக்சலாட்டிலுங்க, தண்ணியிலயே வாழற வெளிநாட்டுப் பிராணி. வூட்டுல வளக்கறேன். தொட்டியில கூட வுட்ட மீனு இதோட கால கடிச்சுப் பிச்சிடுச்சு. சேலத்துல டாக்டருகிட்ட காட்டிட்டு வர்றேன்."

தொப்பூர் கணவாயில் லாரி ஒன்று கவிழ்ந்து கிடந்ததால் பேருந்து வெயிலில் நின்றுவிட்டது. அவருடைய பாட்டில் காலியானது. சூடு அதற்கு ஆகவே ஆகாது என்றார். என் தண்ணீரைத் துண்டில் ஊற்றினேன்.

"டாக்டர் என்ன மருந்து குடுத்தாரு?"

"மருந்தே வேணாமாங்க. தனியா வெச்சு, தெனமும் சுத்தமான குளுந்த தண்ணி மாத்தச் சொன்னாரு. கால் தானா மொளைச்சிருமாம்."

"அப்புறம் ஏங்க இவ்வளவு கவலப்படறீங்க?"

"மொளைக்கிற வரைக்கும் வலிக்குமில்லீங்களா?"

கையிலிருந்த செய்தித்தாளை விரித்து, அவர் அதியமான்கோட்டையில் இறங்கும்வரை டப்பாவின்மேல் வெயில் படாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.