காந்தத்தில் ஒட்டாத சிவப்பு

காத்தூன் அக்காவுக்குச் செய்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு ஆறவில்லை. போச்சம்பள்ளிப் பக்கம் ஒரு கல்லரவை மில்லில் ஏழு பெண்கள் வெங்கச்சாங்கல் என்கிற வெள்ளைப் படிகக்கல் பொறுக்கினோம். அரைத்த மாவு கண்ணாடிக் கம்பெனிக்குப் போகும். துருச் சிவப்பு ஏறிய கல் அதற்கு ஆகாது. அதைப் பிரிப்பதில் அக்காவை மிஞ்ச ஆள் கிடையாது.

கல்லைத் தண்ணீரில் முக்கி வெயிலில் திருப்பிப் பார்ப்பாள். சிவப்பு மேலோடு நின்றால் கொத்தி எடுப்பாள். வெடிப்பு வழியே உள்ளே இறங்கியிருந்தால் தூரப் போடுவாள். "மண்ணுல இருக்கிற இரும்பு மழைத்தண்ணியோட எறங்கித் துருவாப் புடிச்சிக்குது, நாராயணம்மா" என்று எனக்குச் சொல்லித் தந்தவள் அவள்தான்.

1987 கோடையில் ஒரு லாரி மாவு முழுவதும் திரும்பி வந்தது. இரும்பு அதிகமாம். மேஸ்திரி நல்லுசாமி நேரே எங்களிடம் வந்தான்.

"கண்ணு பொடணியிலயா இருக்குது? நாளையிலருந்து ஏழு பேரும் வராதீங்க."

கல் உடைக்கும் மிஷினை அவன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை, பாவி.

மறுநாள் அக்கா பழைய ரேடியோ ஸ்பீக்கர் காந்தத்தோடு வந்தாள். நாங்களும் கூடப் போனோம். முதலாளி கிருஷ்ணப்பன் எதிரில், சிவப்புக் கல்லின் துருவைக் கண்ணாடிச் சில்லால் சுரண்டி, அதன்மேல் காந்தத்தைக் காட்டினாள். ஒன்றும் ஒட்டவில்லை. திரும்பி வந்த மாவில் வைத்தாள். கறுப்புத் தூள் மீசை மாதிரி அப்பிக்கொண்டது.

"கல்லுல இருக்கிற துரு ஒட்டாதுங்க மொதலாளி. இது மிசினு இரும்பு. தாடை தேஞ்சு எத்தன மாசம் ஆச்சுன்னு மேஸ்திரியக் கேளுங்க."

கிரஷரைத் திறந்தார்கள். கல்லைக் கடிக்கும் தாடை இரும்பு பாதிகூட மிச்சமில்லை.

ஒரு வாரத்தில் புதுத் தாடை மாட்டி எங்களைக் கூப்பிட்டார்கள். கேட்டில் நல்லுசாமி பெயர் படித்தான். ஆறு பெயர்தான்.

"காத்தூனக்கா பேரு?" என்றேன்.

"வாய் நீளம். அது வேணாம்."

முதலாளி பக்கத்தில்தான் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். எல்லாம் கேட்டுவிட்டு அடுத்த சக்கரத்துக்குத் துணியை நகர்த்தினார். மேஸ்திரி மேஸ்திரியாகவே இருந்தான்.

"நீங்க போங்கடி. புள்ளைங்க பசியில கெடக்கும்" என்று சொல்லிவிட்டு அக்கா ரோட்டைப் பார்த்து நடந்தாள்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த மில்லையே கொளுத்தியிருக்கலாம். உள்ளே போனேன். ஆறு பேரும் போனோம். அவள் கல் முக்கும் சட்டி அங்கேயே காய்ந்து கிடந்தது. தண்ணீர் ஊற்றி, என் முதல் கல்லை அதில்தான் முக்கினேன்.