தையற்காரரின் கசப்பு ரத்தம்

“என் ரத்தம் கசப்பு. எந்தப் பூச்சியும் வாய் வைக்காது” என்று எங்கள் தெருத் தையற்காரர் ஊரறிய அறிவித்திருந்தார். ஆகவே மனைவியின் கணுக்காலில் சிவந்த தடிப்புகள் கிளம்பியபோது, தெள்ளுப்பூச்சி என்ற பேச்சுக்கே அவர் இடம் கொடுக்கவில்லை.

“பூனை படுக்கிற அந்தத் துண்டுத்துணி மூட்டையைத் தூக்கிப் போடுங்க. இல்லன்னா நான் அக்கா வீட்டுக்குப் போயிடறேன்.”

“சோப்பை மாத்திப் பாரு. தெள்ளு இருந்தா என்னையும்தானே கடிக்கணும்?”

“அதுவும் பாவம், ருசி பார்த்துத்தானே கடிக்கும்.”

அம்மையார் பையை எடுத்துப் புடவைகளை அடுக்கத் தொடங்கினார். தையற்காரர் கம்பீரமாகத் தையல் மிஷின் முன் அமர்ந்தார். ஒரு கால் மிதித்துக்கொண்டிருக்க, மற்றொரு கால் அதை ஓயாமல் சொறிந்தது. சட்டைக் காலரில் தையல் ஆறுபோல வளைந்து ஓடியது.

சற்று நேரத்தில் எழுந்துபோய் மூட்டையைக் கொதிநீரில் அமுக்கினார். பூனையை மடியில் போட்டுப் பேன்சீப்பால் வாரினார். மூலை முடுக்கெல்லாம் கூட்டினார்.

அம்மையார் பையை ஓரமாக வைத்துவிட்டு, தன் காலுக்குக் களிம்பு தடவ உட்கார்ந்தார். தையற்காரர் அருகில் வந்து அமர்ந்தார். கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிவிட்டு, சுவரைப் பார்த்தபடி காலை நீட்டினார்.