வெட்டுண்ட கையும் பச்சைக்கிளியும்

மும்தாஜ் டீச்சரின் நாவலைக் கெடுத்தவன் நான்தான். தெரியாமல் செய்ததல்ல, தெரிந்தே, சிவப்பு மையால் செய்தேன்!

கூலி நெல்லுக்காகக் கீழத்தஞ்சை கொதித்துக்கொண்டிருந்த காலம். சீர்காழிப் பக்கம் ஒரு பள்ளியில் நான் தமிழாசிரியன். அவர் கணக்கு டீச்சர், நாகப்பட்டினத்துக்காரர். சிறுவர்களுக்கென்று இரண்டு நீதிக்கதைப் புத்தகங்கள் போட்டிருந்தேன். அந்த மிதப்பு எனக்கு உண்டு.

ஒருநாள் அவர் ஒரு நோட்டை நீட்டினார். "ஐயா, புள்ளைங்களுக்காக எழுதிப் பாத்தேன். அச்சாபீஸ்ல கேட்டிருக்காங்க. நீங்க திருத்திக் குடுத்தீங்கன்னா தைரியமாக் குடுப்பேன்."

கணக்கு டீச்சருக்குக் கதை எதற்கு என்று சிரித்துக்கொண்டுதான் படிக்க உட்கார்ந்தேன்.

கதையா அது! அறுவடைத் தகராறில் வெட்டுப்பட்டு விழுந்த ஒரு கை. வரப்பில் அதைக் கண்டெடுக்கும் அக்காளும் தம்பியும் தூக்குச்சட்டியில் போட்டுக்கொண்டு, உடையவனைத் தேடிக் கோடியக்கரை வரை நடக்கிறார்கள். அந்தக் கைக்குப் பசிக்கும். பயந்தால் தம்பியின் சுண்டுவிரலைப் பற்றிக்கொள்ளும். அழுகிப் போகாமலிருக்க உப்பளத்தில் அதைப் புதைத்து எடுக்கும் இடத்தில் என் உடம்பு கூசியது... ஆனாலும் நோட்டைக் கீழே வைக்க முடியவில்லை!

என் மகள் கயல்விழிக்கு அப்போது ஒன்பது வயது. என் புத்தகங்களில் இரண்டு பக்கம் தாண்டாதவள். அந்த நோட்டை, பிசைந்த சோறு விரலில் காயக் காயப் படித்தாள்.

"அப்பா, நீங்க ஏன் இந்த மாதிரி எழுத மாட்டேங்குறீங்க?"

வயிறு எரிந்தது. உங்களிடம் மறைப்பானேன்? பொறாமை, அப்பட்டமான பொறாமை!

மறுவாரம் டீச்சரிடம் சொன்னேன்: "காலம் கெட்டுக் கெடக்கு டீச்சர். வெட்டு, கூலித் தகராறுன்னு எழுதினா போலீஸ் வந்து நிக்கும். புள்ளைங்களும் பயந்துக்கும்."

அவர் முகம் வாடிவிட்டது. "அந்தக் கை இல்லாம கதை நிக்குமாங்கய்யா?"

"நிக்கும். நான் பாத்துக்கறேன்."

நிற்காது என்று எனக்குத் தெரியும். கையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு பச்சைக்கிளியை வைத்தேன். கிளி வழிநெடுக நீதி சொன்னது. நானே பிரதியெடுத்து அச்சுக்கும் கொடுத்தேன். நோட்டு அங்கே தொலைந்துவிட்டதாகச் சொன்னேன். அது இன்றும் என் பீரோவில் இருக்கிறது.

புத்தகம் வந்தது. முன்னுரையில் எனக்கு நன்றி... "கதைக்கு உயிர் கொடுத்த ஐயா" என்று! சீந்துவாரில்லை. பள்ளி நூலகத்தில் என் புத்தகங்களுக்குப் பக்கத்திலேயே கிடந்தது. "கதையெல்லாம் நமக்கு வராதுங்கய்யா" என்று சிரித்துவிட்டுப் போனவர், பிறகு ஒரு வரிகூட எழுதவில்லை. அவர் காலமாகியும் ஆண்டுகள் பலவாகிவிட்டன.

புத்தகம் வந்த அன்றே கயல்விழி அதைப் புரட்டிப் புரட்டித் தேடினாள். "கை எங்கப்பா?"

"டீச்சரே எடுத்துட்டாங்கம்மா."

அந்த வாயை என்ன செய்வது? சொல்லுங்கள்!

போன வாரம் கயல்விழி தன் மகளுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். கை, தூக்குச்சட்டி, உப்பளம்... ஒன்றையும் அவள் மறக்கவில்லை.

"யாரும்மா எழுதுனது?"

"தாத்தா ஸ்கூல்ல ஒரு டீச்சர். நல்லா எழுதிட்டு, கடைசில பயந்துபோயி அவங்களே கெடுத்துட்டாங்க. இல்லப்பா?"

"ஆமாம்மா" என்றேன்.

பேத்தி கண் விரியக் கேட்டுக்கொண்டிருந்தாள். என் கதை எதற்கும் அவள் அப்படி உட்கார்ந்ததில்லை. அப்போதும் எனக்கு முதலில் எரிந்தது வயிறுதான்.