நூல் கோக்காமல் ஓட்டிய தையல்

ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. நானும் அதைத் தேடிப் போகவில்லை. ஆம்பூர் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிற மிஷினில் உட்கார்ந்தவன்தான், இன்னும் எழுந்திருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோவிலில் காணிக்கைப் பை எடுப்பேன். இப்படிப்பட்ட ஆளுக்குத் தபால் தலை சேர்க்கிற ஆசை ஏன் வந்தது என்பது கர்த்தருக்குத்தான் வெளிச்சம்.

வந்தது சத்தார் பாய் மூலமாக. எங்கள் கம்பெனி ஆபீசில் வெளிநாட்டுக் கடிதங்களைப் பிரிப்பவர். தபால் தலையில் படத்தைப் பார்க்க மாட்டார், ஓரத்துப் பல்லைத்தான் பார்ப்பார். இரண்டு சென்டிமீட்டருக்குள் எத்தனை துளை என்று ஓர் அட்டையை வைத்து அளப்பார். ஒரு துளை கூடினால் அது வேறு தபால் தலையாம். ஆதியில் துளையே கிடையாது, கத்தரிக்கோலால் வெட்டிக் கொடுத்தார்களாம். எல்லாம் புரிந்த மாதிரி தலையாட்டுவேன். பிரசங்கத்துக்கு ஆட்டிப் பழகிய தலை.

1979இல் வேலூரில் தபால் தலைக் கண்காட்சி வைத்தார்கள். பாய்க்குக் கிடைத்த இடத்தில் ஒரு பக்கம் எனக்குத் தருவதாகச் சொன்னார்.

"சும்மா கெடைக்கறதெல்லாம் ஒட்டாத இன்பா. பாக்கற மாதிரி ஒண்ணு கொண்டா. அப்பதான் பேஜ் உனக்கு."

நான் தைத்த ஷூ எதிலும் என் பெயர் இருந்ததில்லை. கண்ணாடிக்குள் என் பெயர் எழுதின ஒரு பக்கம் என்றதும் ஆசை பிடித்துக்கொண்டது.

என் மனைவி பொன்மலரின் பெரியம்மா நர்ஸாக இருந்தவர். அவருடைய பழைய தகரப் பெட்டியில் ராஜா தலை போட்ட தபால் தலைகள் இரண்டு ஒன்றாகச் சேர்ந்து கிடந்தன. சுற்றிலும் பல்வரிசை ஒழுங்கு. இரண்டுக்கும் நடுவில் மட்டும் ஒரு துளைகூட இல்லை. மொட்டை.

எனக்குப் பதறிவிட்டது. எங்கள் கம்பெனியில் ஒரு துளை விட்டுப்போனாலே செக்கிங் மேஜையிலிருந்து பீஸ் திரும்பி வந்துவிடும். ரிப்பேர் செய்யாமல் பெட்டிக்குள் போகாது. கண்காட்சிக்கு டேமேஜ் சரக்கை அனுப்புவதா? சாப்பாட்டு நேரத்தில் மிஷினிலிருந்து நூலை உருவினேன். கை நடுங்கக் கூடாதென்று ஒரு சின்ன ஜெபம் செய்துவிட்டு, இரண்டுக்கும் நடுவில் வெறும் ஊசியை ஓட்டினேன். ஜெபம் கேட்கப்பட்டது. கை நடுங்கவே இல்லை. புத்திக்கும் சேர்த்துக் கேட்டிருக்கலாம், தோன்றவில்லை.

மறுநாள் டீக்கடையில் பாயிடம் நீட்டினேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார்.

"யாரோ உன்ன நல்லா ஏமாத்திட்டான்யா."

"இன்னா பாய்?"

"கவர்மெண்ட் மிஷின் குத்துனா பேப்பர் வட்டமா வெளிய வந்துடும். இதுல பேப்பரே போகல. கீறிகினு பின்னால துருத்திகினு இருக்குது. இது தோல் ஊசி."

"ஊசி நம்புளுதுதான் பாய்."

"நம்புளுதுன்னா?"

"நாந்தான் ஓட்டினேன். பொன்மலர் பெரியம்மா பெட்டில கெடந்துச்சு, நடுவுல ஓட்டையே இல்லாம டேமேஜா இருந்துச்சு. ரிப்பேர் பண்ணிட்டேன்."

பாய் டீயைக் கீழே வைத்தார்.

"சுத்தி ஓட்டை இருந்து, நடுவுல மட்டும் இல்லியா?"

"ஆமா பாய்."

"யோவ், அந்த டேமேஜுக்குத்தான்யா ஊர் ஊரா அலையுறானுங்க. நானே இதுவரைக்கும் ஒண்ணு கண்ணால பாத்ததில்ல. பெரியம்மா பெட்டில வேற இருக்குதா?"

"இல்ல பாய். அப்ப பேஜ் கெடையாதா?"

அந்த நேரத்திலும் என் கவலை எனக்கு. பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்து முடிக்க இன்னொரு டீ தேவைப்பட்டது.

"பேஜ் உண்டு. ஆனா உள்ளது உள்ளபடி எழுதுவேன். பேஜார் ஆவக் கூடாது."

தபால் தலைகளைப் பிரிக்கிற வகைகள் என்று பக்கத்துக்குத் தலைப்புப் போட்டார். கத்தரித்தது, கத்தியால் கீறியது, வட்டத் துளையிட்டது எல்லாம் அவர் கொடுத்த இரவல். கடைசியில் என்னுடையது. கீழே அவர் கையெழுத்து: 'நடுவில் துளையில்லாமல் வந்தது. பிற்பாடு ஆம்பூரில் தோல் தைக்கும் மிஷினால் துளையிட்டவர், இன்பசேகரன்.'

கண்காட்சியில் அதைப் படித்தவர்களில் பாதிப் பேர் சிரித்தார்கள். கோட்டுப் போட்ட பெரியவர் ஒருவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "யாருங்க இந்த இன்பசேகரன்?" என்று அவர் கேட்டபோது, நான் ஜன்னல் வழியாக வேலூர்க் கோட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பொன்மலர் வந்து கண்ணாடியில் மூக்கு படக் குனிந்து எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"உங்க பேரு போட்டிருக்காங்க," என்றாள். இன்னும் கொஞ்சம் குனிந்து பார்த்தாள். "லைன் கோணாமத்தான் ஓட்டியிருக்கீங்க."