மதினி அணைத்த மெயின் சுவிட்ச்

எங்கள் மேலாளருக்கும் எனக்கும் ஒரு வருடமாக ஒரே சண்டை. மருந்துக் கடைகளுக்கான மென்பொருள் செய்யும் கம்பெனி எங்களுடையது. எல்லாரும் எழுதிய நிரல்களைச் சேர்த்து, கடைக்காரர் கணினியில் நிறுவுகிற மாதிரி ஒரே பேக்கேஜாக ஆக்கித் தருவது என் வேலை. அதை 'பில்ட்' என்போம். மூன்று மணி நேரம் பிடிக்கும். சென்னை அலுவலகம் வாடகைக்கு எடுத்திருக்கும் சர்வரில் அதைச் செய்யுங்கள் என்பார் அவர். தென்காசியில் என் மேசைக்கு அடியில் இருக்கும் கணினியில்தான் செய்வேன் என்பேன் நான். கண்ணால் பார்க்காத மெஷினை எதற்கு நம்ப வேண்டும்? மூன்று தடவை அந்தச் சர்வரில் போட்டுப் பார்த்தேன். மூன்று தடவையும் பாதியில் படுத்துவிட்டது.

கரண்ட் கண்ணாமூச்சி ஆடியதில் என் பேக்கேஜ் இரண்டு முறை தாமதமானது. மேலாளர் பொறுமை இழந்துவிட்டார். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் அடுத்தது வராவிட்டால், திங்கள் முதல் சென்னைக்கு வந்து உட்கார்ந்து வேலை பாருங்கள் என்றார். என் வீட்டுக்காரர் போலீஸ்காரர். கல்யாணமாகி எட்டு வருடம், அவர் ஒரு ஊர், நான் ஒரு ஊர். போன வருடம்தான் அவருக்குத் தென்காசிக்குப் பக்கத்தில் குற்றாலத்துக்கு மாற்றல் கிடைத்து, நானும் வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கி வந்தேன். ஒரே வீட்டில் நாங்கள் குடித்தனம் செய்தது அந்த ஒரு வருடம்தான்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு என் மெஷினில் பில்டை ஆரம்பித்தேன். வீம்புக்கு அதே வேலையைச் சர்வரிலும் போட்டேன். அது படுத்துக்கிடப்பதைப் படம் பிடித்து மேலாளருக்கு அனுப்ப வேண்டும், அவ்வளவுதான் என் நல்லெண்ணம்.

ஐந்தருவியில் பந்தோபஸ்தில் இருந்த வீட்டுக்காரர் போன் செய்தார். "வெள்ளம் வடிஞ்சு குளிக்க விட்டாச்சு. கூட்டம் வருததுக்குள்ள அக்காவக் கூட்டிட்டு வா."

அவர் அக்கா, என் மதினி, சீசனுக்கென்று வந்து இரண்டு நாளாகக் காத்திருந்தார். சீசனுக்கு வந்தவர்களை வீட்டுக்காரிதான் அருவிக்குக் கூட்டிப் போக வேண்டும். ஆட்டோவில் ஏற்றித் தனியாக அனுப்பினால் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார்கள். கரண்ட் போனாலும் போன வாரம் வாங்கிய இன்வர்ட்டர் பார்த்துக்கொள்ளும் என்று கிளம்பினேன். அருவிக்கடியில் நின்ற அரை மணி நேரம் சென்னையே மறந்துபோனது.

திரும்பும்போது ஆட்டோவில் மதினி பெருமையாகச் சொன்னார். "வீட்டப் பத்திக் கவலப்படாதட்டி. மெயின அணைச்சுட்டுத்தான் வந்தேன். அங்கன ஒரு பெட்டி பச்ச லைட்டோட முனங்கிக்கிட்டுக் கெடந்துது, அதையும் அணைச்சுட்டேன்."

அந்தப் பெட்டிதான் இன்வர்ட்டர். ஒரு தடவை இடி விழுந்து மதினி வீட்டு டிவி கருகியதிலிருந்து, மெயினை அணைக்காமல் அவர் எந்த வீட்டுப் படியும் இறங்கமாட்டார். ஆட்டோக்காரரை விரட்டினேன். மதினியைத் திட்ட முடியுமா? விருந்தாளியாயிற்றே.

வீடு வந்தபோது மணி ஒன்றரை. என் மெஷின் செத்துக் கிடந்தது. மறுபடி முதலிலிருந்து தொடங்கினால் நாலரை ஆகும். மெயினைப் போட்டுச் சர்வரைத் திறந்தேன். அந்தப் பாவியும் வழக்கம்போலப் பாதியில் நின்றிருந்தது. அழுதேவிட்டேன்.

வேறு போக்கிடம் இல்லாததால், அது ஏன் நின்றது என்று முதல் தடவையாக முழுசாகப் படித்தேன். மருந்துக் கடை பில்லில் தமிழ் அச்சாவதற்கான எழுத்துருக் கோப்பு இல்லை என்றிருந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என்றைக்கோ அதை என் மெஷினில் நானே போட்டுவிட்டு, பில்டுக்குத் தேவையானவற்றின் பட்டியலில் சேர்க்காமல் மறந்திருக்கிறேன். சர்வரில் அது எப்படி இருக்கும்? ஒரு வருடமாக என் தப்புக்கு அதைத் திட்டியிருக்கிறேன்.

கோப்பைப் பட்டியலில் சேர்த்து ஓடவிட்டேன். முடித்த பாதியைச் சர்வர் பத்திரமாக வைத்திருந்தது, நின்ற இடத்திலிருந்து தொடர்ந்தது. மூன்றேகாலுக்கு பேக்கேஜ் தயார். சரிபார்த்து மூன்றரைக்கு அனுப்பினேன்.

உடனே மேலாளர் அழைத்தார். "சர்வர்லயா பண்ணீங்க?"

"ஆமா சார்."

"இதைத்தானேம்மா ஒரு வருஷமா கேக்குறேன்! உங்க வீட்டுல கரண்ட் போனா இங்க எங்களுக்கு மூச்சு நின்னுடும். அதனாலதான் இங்க வரச் சொன்னேன். இனிமே நீங்க எந்த ஊர்ல இருந்தா எனக்கென்ன?"

போன உயிர் திரும்பி வந்தது. எந்த மெஷினை நம்பி ஊரில் இருக்கப் பார்த்தேனோ, அதுதான் என்னை ஊரைவிட்டுக் கிளப்பப் பார்த்திருக்கிறது. ஓடிப்போய் மதினியைக் கட்டிக்கொண்டேன். "ஏட்டி, தலையத் தொவட்டலையா, குளுருதா?" என்று பதறினார்.

சாயங்காலம் வீட்டுக்காரர் தொப்பலாக நனைந்து வந்தார். ஒரு வாரமாக, "நீ போயிட்டு வா, நான் சமாளிச்சுக்கிடுதேன்" என்று அலட்டிக்கொள்ளாமல் இருந்த மனுஷர். நான் சொல்லி முடித்ததும், சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"திங்கக்கெழம குடுக்கலாம்னு வச்சிருந்தேன். இனி வேண்டாம்லா?"

சென்னைக்கு மாற்றல் கேட்கும் மனு. காரணம் என்ற இடத்தில், 'மனைவியுடன் ஒரே வீட்டில் வசிக்க' என்று மட்டும் எழுதியிருந்தார்.