தாக்கத்திப் பிடியில ஒரு பேனை

பேனை செய்யிறதில என்னை வெல்ல வன்னியில ஆளில்லை எண்டு ஒரு காலம் நம்பியிருந்தனான். வேற ஒருத்தரும் பேனை செய்யவில்லை எண்டது அப்ப எனக்கு விளங்கவில்லை.

ஸ்கந்தபுரத்தில, குடியேற்றத் திட்டக் கந்தோரில எனக்குக் கிளாக்கர் வேலை. பகலெல்லாம் எழுத்து, பின்னேரமெல்லாம் பேனை சீவல். மான்கொம்பு, முதிரை மரம், கருங்காலி, எது அகப்பட்டாலும் சீவி, மினுக்கி, நுனியில கடையில வாங்கின நிப்பைச் செருகிப்போடுவன். பிடிச்சு எழுதினால் கைக்குச் சுகமாயிருக்கவேணும், அதுதான் என்ரை கொள்கை. ஆரின்ரை கைக்கு எண்டுமட்டும் யோசிக்கவில்லை.

பக்கத்துக் காணி அண்ணையின்ரை மகளுக்குக் கலியாண எழுத்து, அதுதான் பதிவு, வந்தது. மூண்டு கிழமைதான் கிடந்தது. காணிக் கடுதாசியில பெருவிரல் அடையாளம் வைச்ச அந்த மனிசன் என்ரை வாசலில வந்து நிண்டார்.

"தம்பி, நான் சாட்சிக் கையெழுத்து வைக்கவேணுமாம். மாப்பிள்ளை வீட்டுக்காரருக்கு முன்னால விரலை மையில தோய்க்க ஏலாது. பிள்ளை தலைகுனிஞ்சு போவாள். என்ரை பேரை மட்டும் எழுதப் பழக்கி விடுங்கோ."

"யோசியாதேங்கோ அண்ணை, உங்களுக்கெண்டே ஒரு பேனை செய்யிறன்" எண்டன்.

அவரின்ரை பேரைக் கொப்பியில எழுதிக் குடுத்தன். மான்கொம்பில பேனையும் செய்து குடுத்தன். அது வழுக்கி நிப்புப் பிளந்தது. அடுத்ததை இன்னும் மெல்லிசாய்ச் சீவினன், நளினமாயிருக்கட்டும் எண்டு. மூண்டாவதில விரலுக்குப் பள்ளம் வெட்டினன், என்ரை விரலை அளந்து. மனிசன் வேர்த்து விறுவிறுத்து, "என்ரை கைதான் பிழை, தம்பி" எண்டார். நானும் வெக்கமில்லாமல் ஓம் எண்டன். வாறபோற ஆக்களிட்டை, அவரை வைச்சுக்கொண்டே, "ஆள் கெட்டிக்காரன், கெதியில வந்திடும்" எண்டு சின்னப்பிள்ளையைச் சொல்லுறமாதிரிச் சொல்லுவன்.

எழுத்துக்கு நாலு நாள் கிடக்க அவரின்ரை வயலுக்குப் போனன். அரிவுவெட்டு நடக்குது. மனிசன் வரம்பில குந்தியிருந்து, நெல் வெட்டுற தாக்கத்தியின்ரை நுனியால ஈரமண்ணில தன்ரை பேரை எழுதிக்கொண்டிருந்தார். முழுப் பேரும், ஒரு கோணலில்லாமல். பிடியை உள்ளங்கையால பொத்திப் பிடிச்சிருந்தார். மண்வெட்டி பிடிச்சுக் காய்ச்ச பெருவிரல் மடியவேயில்லை. மூண்டு பேனை செய்த மடையன், அந்தக் கையை அண்டைக்குத்தான் பாத்தனான். சும்மா சொல்லக்கூடாது, அழுகை வந்திட்டுது.

பழைய தாக்கத்திப் பிடி ஒண்டில நிப்பை இறுக்கிக் குடுத்தன். சீவவுமில்லை, மினுக்கவுமில்லை. சீ, என்ன அவலட்சணம்!

எழுத்தண்டு பளையிலயிருந்து வந்த பதிவுகாரர் அதைக் கண்டிட்டு, "இதென்ன, உலக்கையோ?" எண்டு சிரிச்சார். அண்ணை சிரிக்கவில்லை. மூச்சை அடக்கிப் பிடிச்சுப் புத்தகத்தில தன்ரை பேரை எழுதி முடிச்சார். மகள் எட்டிப் பாத்தாள். அவளுக்குக் கண் நிறைஞ்சுபோச்சு.

மற்றச் சாட்சி நான். சட்டைப் பையிலயிருந்து என்ரை மான்கொம்புப் பேனையை எடுத்து, சபை பாக்கட்டும் எண்டு கொஞ்சம் உயத்தியும் பிடிச்சன். மையில தோய்க்க, நிப்புக் கழண்டு மைக்கூட்டுக்குள்ள விழுந்திட்டுது.

"இந்தாங்கோ தம்பி" எண்டு அண்ணை தன்ரையை நீட்டினார்.

அந்தத் தடிச்ச பிடி என்ரை கிளாக்கர் விரலுக்குள்ள அடங்கவில்லை. அவரின்ரை பேருக்குக் கீழ என்ரை பேர் நண்டு ஊர்ந்தமாதிரிப் போச்சு.

பதிவுகாரர் கண்ணாடிக்கு மேலால என்னைப் பாத்தார். "இவர் இப்பதான் எழுதப் பழகிறாரோ?"

அண்ணை என்ரை தோளில கையை வைச்சார்.

"ஓம். ஆள் கெட்டிக்காரன், கெதியில வந்திடும்."